ஞாயிற்றுச் சந்தையும் மாதச் சம்பளமும்

ஊவா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ள மதிப்பு ஏனைய ஆறு நாட்களுக்கும் இல்லை. அன்று விடியற்காலையில் பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. கொழுந்துக் கூடை லயத்துச் சுவரிலே தொங்கும். பூனாகலைத் தோட்டத்துப் பெண்கள் பையை மடித்துக் கையில் இடுக்கிக்கொண்டு, மலைப்பாதையில் வரும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பர். அவர்கள் செல்வது பண்டாரவளைக்கு. அங்கே ஞாயிறுதோறும் சந்தை கூடுகிறது. சிங்களத்தில் 'பொல' என்று வழங்கும் இவ்வாரச் சந்தையிலேதான் கிராமத்து விவசாயியும் தோட்டத்துத் தொழிலாளியும் நேருக்கு நேர் நின்று பேசுகின்றனர். கிராமத்துப் பெண்களைத் தோட்டத்துப் பெண்கள் 'அக்கா' என்று விளிப்பர். அச்சொல் இரு மொழிக்கும் பொது. ஆண்களை 'ஐயா' என்பர். தமிழில் அது மரியாதைச் சொல். சிங்களத்தில் அதே ஒலிக்கு அண்ணன் என்று பொருள். விளித்தவர் மரியாதை செய்ததாக எண்ணுகிறார். கேட்டவர் உறவு கொண்டாடியதாக எண்ணுகிறார். இருவருக்கும் இதில் நட்டமில்லை.

சந்தையிலே வாங்கினால் புதிய காய் கிடைக்கும், பருவத்துக் காய் கிடைக்கும், அதுவும் மலிவாகக் கிடைக்கும் என்பது எல்லோரும் கூறும் அறிவுரை. உண்மைதான். ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது, எந்த மாதத்தில் கிடைக்கிறது, கையில் என்ன இருந்தால் கிடைக்கிறது என்பனவற்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவ்வறிவுரை பாதியிலேயே நின்றுவிடும்.

பூனாகலை அமைந்திருக்கும் இடம் உணவுக்கு வாய்ப்பானது. மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பு அப்பக்கத்தில் செங்குத்தாக இறங்குகிறது. மேலே பண்டாரவளை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்திலும், ஹப்புத்தளை அதனினும் 200 மீற்றர் மேலேயும் இருக்கின்றன. கீழே கொஸ்லந்தைக்கு அருகில் தியலுமை அருவி 220 மீற்றர் பாய்ந்து விழுகிறது. அதற்கும் கீழே வெல்லவாயச் சமவெளியின் வெயில். ஒரு நாட்பொழுதுக்குள் குளிர்நாட்டுக்கும் வெப்பநாட்டுக்கும் போய்வரக் கூடிய இடங்கள் இலங்கையிலே பல இல்லை. வெலிமடை, பொரலந்தைப் பக்கத்திலிருந்து கோவாவும் கரட்டும் லீக்ஸும் பீட்ரூட்டும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் வருகின்றன. வெல்லவாய, மொனராகலைப் பக்கத்திலிருந்து பூசணியும் வெண்டியும் கத்தரியும் வாழைக்குலையும் ஏறி வருகின்றன. பிபிலைத் தோடம்பழம் நாடறிந்த ஒன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சரிவுகளிலே பலாவும் ஈரப்பலாவும் வெண்ணெய்ப்பழமும் காய்க்கின்றன. (தமிழகத்தார் பீன்ஸ் என்றும் முட்டைக்கோசு என்றும் கூறுவனவே இலங்கையில் போஞ்சி, கோவா எனப்படுவன.)

ஊவாவின் பருவம் கொழும்பின் பருவம் அன்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவுகளிலே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்பொழுது வறண்ட காற்றாக இறங்குகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் இக்காற்றைக் கச்சான் என்பர். ஊவாவுக்குப் பெருமழை வருவது அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலே. சித்திரையை ஒட்டி இன்னொரு மழை. பெரும்போகத்தில் வயலிலே நெல்லும் மேட்டு நிலத்திலே காய்கறியும் பயிராகும். சிறுபோகத்தில் நீர் குறைவதால், நெல் அறுத்த வயலையே கொத்தி உருளைக்கிழங்கும் போஞ்சியும் இடுவது வெலிமடைப் பக்கத்து வழக்கம். ஆகவே காய்கறி மலியும் காலங்கள் ஏறத்தாழ இரண்டு: பெப்ரவரி, மார்ச் ஒன்று, ஆகஸ்ட், செப்டெம்பர் மற்றொன்று. ஆண்டின் கடைசி மழையிலே பயிர் அழுகும். நவம்பரில் ஏறத் தொடங்கும் விலை தைப்பொங்கல்வரை இறங்குவது அரிது.

சந்தையிலே விற்பவர் எல்லோரும் விளைவித்தவர் அல்லர். இதனை முதலிலே தெரிந்துகொள்ளுதல் நன்று. பொருள் பரப்பியிருக்கும் முறையைப் பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும். விளைவித்தவர் சாக்கு விரித்துத் தரையிலே அமர்ந்திருப்பார். அவரிடம் இரண்டு மூன்று வகைக் காய்கள் மட்டுமே இருக்கும். அவையும் ஒரே அளவாக இரா. வியாபாரியின் மேடையிலோ போஞ்சியும் இருக்கும், பெரிய வெங்காயமும் இருக்கும், அப்பருவத்தில் அவ்வட்டாரத்திலே விளையாத காயும் இருக்கும். வியாபாரியிடம் வாங்குவதில் பிழையில்லை; ஆனால் அவர் காய் எந்த வழியாக வந்தது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். ஊவாவிலே பறித்த கோவா கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து லொறியிலே தம்புள்ளைக்கோ பேலியகொடை மெனிங் சந்தைக்கோ போகிறது. அங்கே கைமாறிச் சில வேளைகளில் மீண்டும் மலையேறிப் பிறந்த ஊருக்குப் பக்கத்துக் கடைக்கே வந்து சேர்கிறது. இடையிலே சாக்கில் அடைத்தும் தூக்கி எறிந்தும் அடுக்கியும் நசுங்குவது மிகுதி. இலங்கையிலே விளையும் காய்கனிகளில் 100க்கு 30 முதல் 40 பங்கு நுகர்வோர் கைக்கு வருமுன் பாழாகிறது என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் கணக்கு. பாழானதன் விலையையும், லொறிக் கூலியையும், தரகையும் மிஞ்சிய காயே சுமந்து வருகிறது. சாக்கு விரித்தவரிடம் வாங்குபவர் இவற்றைக் கொடுப்பதில்லை.

இவ்வளவு விளைச்சலுக்கு நடுவே வாழும் தோட்டத்துக் குழந்தைகள் எப்படி இருக்கின்றனர்? 2016-ஆம் ஆண்டு நடைபெற்ற மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியவர் நாடு முழுவதற்கும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 100க்கு ஏறத்தாழ 32 பேர். இதற்குத் தாயின் உடல்நிலை, குடிநீர், வீட்டு நெருக்கடி எனக் காரணங்கள் பல உண்டு. சமையற் சட்டியும் அவற்றில் ஒன்று. பஸ் தொடும் தூரத்திலே காய்கறி குவிந்திருக்க, பல வீடுகளில் சோற்றுக்கோ ரொட்டிக்கோ துணையாக ஒரு சம்பலும் ஓர் உருளைக்கிழங்குக் கறியுமே வாரத்தின் பிற்பகுதியைக் கழிக்கின்றன. ஏன்?

விடையைத் தோட்டக் கடையின் கணக்குப் புத்தகத்திலே காணலாம். தோட்டத்துச் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருவது. சந்தையோ வாரத்துக்கு ஒருமுறை கூடுவது. சம்பளம் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையில் கையில் காசு இருக்கிறது. இரண்டாம் ஞாயிறு குறைகிறது. மூன்றாம் ஞாயிறு பஸ் கட்டணத்துக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. சந்தையிலே சாக்கு விரித்தவர் கடன் கொடார். அவரும் அன்று விற்ற காசில்தான் அரிசியும் கருவாடும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். தோட்டக் கடைக்காரர் கொடுப்பார், எழுதிக்கொண்டு கொடுப்பார். மழைநாளிலும் கொடுப்பார், இரவிலே கதவைத் தட்டினாலும் கொடுப்பார். ஆகவே அவரைக் கொடியவராகச் சித்திரிப்பது நியாயமன்று. ஆனால் கடன் கொடுக்கும் காத்திருப்புக்கும் அவர் விலை வைத்தேயாக வேண்டும். அவ்விலை பருப்பிலும் கிழங்கிலும் சேர்ந்தே வருகிறது. மேலும், கணக்கு வைத்திருப்பவர் அக்கடையை விட்டு வேறிடத்திலே காசு கொடுத்து வாங்குவதற்குக் கூசுகிறார். கடைக்காரர் அழுகும் பொருளை அதிகம் வைப்பதில்லை. எனவே கடனோடு கிழங்கும், காசோடு கீரையும் என்று உணவு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

இவ்வழக்கத்துக்கு வேர் ஆழமானது. தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டே தொழிலாளரின் அரிசி தோட்டத்தின் வழியாகவே வந்தது. அதன் விலை சம்பளத்திலே கழிக்கப்பட்டது. மலையெல்லாம் தேயிலைக்கே உரியதாக இருக்க, லயத்தின் முன்னும் பின்னும் கிடைத்த சிறு துண்டிலே மட்டும் கீரையும் மிளகாயும் வளர்ந்தன. 1973, 1974 ஆண்டுகளில் நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு வந்தபொழுது, விளைவிக்க நிலமும் வாங்கக் காசும் இல்லாத தோட்ட மக்களிடையே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அக்காலத்தை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்றும் மரவள்ளிக் கிழங்கை ஒருவித மரியாதையோடு பேசுவதுண்டு.

இனி, வாரமும் மாதமும் பொருந்தாததைவிட நுட்பமான ஒரு முரண்பாடு உண்டு. தேயிலையின் ஆண்டுக்கணக்கும் காய்கறியின் ஆண்டுக்கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கச்சான் வீசும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலே ஊவாத் தேயிலை உலகப் புகழ்பெற்ற மணத்தைப் பெறுகிறது; ஏலத்திலே நல்ல விலை போகிறது. ஆனால் அதே வறட்சியில் கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் மேலதிகக் கிலோவுக்குக் கிடைக்கும் காசு குறையும், வேலைநாளும் சுருங்கலாம். சந்தையிலே போஞ்சியும் உருளைக்கிழங்கும் குவியத் தொடங்கும் காலமும் அதுவே. அப்புறம் தீபாவளி வருகிறது. முற்பணம் கைக்கு வருகிறது. அந்நேரம் பெருமழை தொடங்கிக் காய்கறி விலை ஏறியிருக்கும். ஆக, மலிவான காலத்திலே காசு இல்லை. காசு உள்ள காலத்திலே மலிவு இல்லை. பருவத்துக் காயை வாங்கி உண்ணுங்கள் என்று கூறுவோர் இதனையும் கணக்கிலே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அண்மை ஆண்டுகள் இவ்விடர்ப்பாட்டைப் பெருக்கின. 2021 மார்ச் மாதத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வரையறுக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்குள் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபொழுது பல வயல்களில் விளைச்சல் விழுந்திருந்தது. அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் கணக்கின்படி உணவு விலை ஓராண்டிலே 100க்கு 94.9 ஏறியிருந்தது. கூடிய சம்பளத்தைக் கூடிய விலை விழுங்கிற்று. அந்நாட்களில் எரிபொருள் இன்றி லொறிகள் நின்றபொழுது, தொலைவிலிருந்து வரும் உணவு எவ்வளவு நம்பத்தகாதது என்பதும் வெளிப்பட்டது.

மலையும் இதனை நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைப் பகுதியிலே சரிவு நேர்ந்து குடும்பங்கள் வீடிழந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. பாதை அறுந்த நாட்களில் எவரும் சந்தையைப் பற்றி முதலிலே நினைப்பதில்லை. இழந்த உயிர்களையே நினைப்பர். ஆயினும் மூன்றாம் நாள் அடுப்பு எரியத்தான் வேண்டும். அப்பொழுது கைக்கெட்டுவது நடந்து போகும் தூரத்திலே விளைந்ததும், முன்னரே சேமித்து வைத்ததும் மட்டுமே.

விளைவிப்பவரையும் உண்பவரையும் நேரே சேர்க்கும் முயற்சி பிற இடங்களிலே அரசின் துணையோடு நடந்துள்ளது. பஞ்சாபிலே 1987-இல் 'அப்னி மண்டி' என்ற பெயரிலும், ஆந்திரத்திலே 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' என்ற பெயரிலும் இவ்வகைச் சந்தைகள் தொடங்கின. தமிழகத்தில் 1999 நவம்பர் 14 அன்று மதுரையிலே முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே விளைவித்தவருக்கு அடையாள அட்டை உண்டு. தராசும் இடமும் வாடகையின்றித் தரப்படும். மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்றைய விலையைப் பலகையிலே எழுதி வைப்பர். பேரம் பேசத் தெரியாதவரும் ஏமாறாமல் திரும்பலாம். பண்டாரவளைச் சந்தையில் விலைப்பலகையின் வேலையைச் செய்வது, வாங்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி வரும் வழக்கமே. அனுபவமுள்ள பெண்கள் முதற் சுற்றில் பையைத் திறப்பதே இல்லை.

மாலையாகும்பொழுது சந்தையிலே விலை இறங்கும். சுமந்து வந்ததைத் திரும்பச் சுமக்க எவரும் விரும்பார். ஆனால் பூனாகலை போன்ற தொலைத் தோட்டங்களுக்குக் கடைசி பஸ் அந்த இறக்கத்துக்காகக் காத்திராது. எனவே தோட்டத்தார்க்கு ஏற்ற வழி நேரத்திலே இல்லை, கூட்டத்திலே இருக்கிறது. ஒரு லயத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து, ஞாயிறுக்கு இருவர் எனப் போய்வந்தால், நான்கு பஸ் கட்டணம் இரண்டாகும். 1 கிலோவாக வாங்குவது 5 கிலோவாகும்பொழுது, சாக்கு விரித்தவரும் விலையிலே இரங்குவார். தோட்டத்துப் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்கும் வழக்கம் புதியதன்று. பண்டிகைக்கும் பாத்திரத்துக்கும் பிடிக்கும் சீட்டைச் சந்தைக்கும் பிடிக்கலாம். சம்பளம் வாங்கிய அன்றே, கடைக் கணக்கைத் தீர்க்குமுன், அம்மாதத்தின் ஞாயிறுகள் எத்தனையோ அத்தனை பங்காகச் சிறு தொகையைப் பிரித்துப் பொது டப்பாவிலே போட்டுவிட்டால், மூன்றாம் ஞாயிறும் சந்தை கண்ணுக்குத் தெரியும்.

வாங்குவதற்கும் ஒரு முறை உண்டு. போஞ்சியை ஒடித்தால் ஓசையோடு ஒடிய வேண்டும், வளைந்தால் பழையது. கோவா தன் அளவுக்குக் கனமாக இருத்தல் வேண்டும். இலேசான கோவாவில் இலைக்கிடையே காற்றே மிகுதி. மண் ஒட்டிய கரட்டை ஒதுக்கிக் கழுவிப் பளபளக்கும் கரட்டை எடுப்பது பலர் வழக்கம். உண்மையிலே கழுவியது விரைவில் வாடி அழுகும், மண்ணோடு இருப்பது நாள் தாங்கும். உருளைக்கிழங்கின் தோல் பச்சை பாரித்திருந்தால் அதனை வாங்கலாகாது. வெயில் பட்டு அப்படி ஆன கிழங்கிலே சொலனின் என்னும் நச்சுப் பொருள் மிகும், கசக்கும், வயிற்றைக் கெடுக்கும். பீட்ரூட்டை இலையோடு கேட்டு வாங்குதல் நன்று: இலை வாடாதிருந்தால் கிழங்கு புதியது, அவ்விலையைக் கீரையாகவும் வறுத்துண்ணலாம். பலர் அதனைச் சந்தையிலேயே கிள்ளி எறியச் சொல்லுகின்றனர்; ஒரு நேரக் கறியை எறிந்துவிட்டுப் போகிறோம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தக்காளியில் பாதி பழுத்ததும் பாதி செங்காயுமாகக் கலந்து எடுத்தால் வாரம் முழுவதும் வரும். மலைநாட்டுக் காய்கறிக்கு மருந்து அடிப்பது மிகுதியாதலின், எக்காயையும் ஓடும் நீரிலே நன்றாகக் கழுவிய பின்னரே நறுக்க வேண்டும்.

குளிரூட்டும் பெட்டி இல்லாத வீட்டுக்கு, எதனை எந்நாள் சமைப்பது என்ற வரிசையே பெட்டி. ஞாயிறு இரவும் திங்களும் கீரை வகைகள்: பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன். பறித்த கீரையிலே வைட்டமின் சி நாளுக்கு நாள் விரைந்து குறையும். புதன்கிழமைக் கீரை பெயரளவிலேதான் கீரை. செவ்வாய், புதனில் போஞ்சியும் லீக்ஸும் கத்தரியும். வியாழனில் செங்காயாக வைத்த தக்காளி பழுத்திருக்கும். வாரக் கடைசிக்கு கோவா, பீட்ரூட், பூசணி, வற்றாளைக் கிழங்கு ஆகியவை. முழுப் பூசணி வெட்டாதவரை வாரக்கணக்கில் இருக்கும். வெட்டிய துண்டு இரண்டு நாள் தாங்காது. ஆதலால் முழுப் பூசணியை வாங்கி நான்கு வீட்டார் வெட்டிய அன்றே பகிர்ந்துகொள்வது அறிவுடைமை.

மலிந்த காலத்தை அரிய காலத்துக்குக் கடத்தும் வித்தையில் கிராமத்தவர் கைதேர்ந்தவர்கள். பலாக்கொட்டையை மணலிலே புதைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பர். மழைக்காலத்திலே எடுத்து அவித்தோ கறியாக்கியோ உண்பர். பலாச்சுளையை அவித்து உலர்த்தி, அடுப்பின் மேலுள்ள பரணிலே புகைபட வைப்பதும் உண்டு. அதனை 'அட்டுக் கொஸ்' என்பர். தோட்டத்தார் மோர்மிளகாயும் கத்தரி வற்றலும் போட அறிவர். கச்சான் காற்றும் ஆகஸ்ட் வெயிலும் அதற்கென்றே அமைந்தவை போலிருக்கும். காசு குறைந்த அம்மாதத்திலும் 2 கிலோ கத்தரியைக் கூடுதலாக வாங்கி உலர்த்தினால், தீபாவளிக்குப் பிந்திய மழை வாரங்களில் ஒரு கறி மிஞ்சும்.

2015-க்குப் பின் தோட்டங்களில் கட்டப்பட்ட தனிவீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணி அளவாக வகுக்கப்பட்டது. அது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு போக மிஞ்சுவது சிறு துண்டே. அத்துண்டிலே கோவாவும் உருளைக்கிழங்கும் இட முயல்வது வீண். அவற்றைச் சந்தையில் வெலிமடையார் மலிவாகத் தருவர். கீரை, கறிவேப்பிலை, மிளகாய், வேலியிலே ஒரு சௌசௌக் கொடி ஆகியவை அவ்விடத்துக்கு ஏற்றவை. சந்தையிலிருந்து வருமுன் வாடிவிடுவன எவையோ அவையே வாசலிலே வளர வேண்டியவை. லயத்திலே இன்னும் இருப்போர்க்கு அவ்வளவும் இல்லை. மண்ணெண்ணெய்த் தகரத்திலும் பழைய உரச்சாக்கிலும் வளர்க்கின்றனர்.

சந்தையை விட்டுப் புறப்படுமுன் அனுபவசாலிகள் செய்யும் ஒரு காரியம் உண்டு. சாக்கை உதறி மடித்துக்கொண்டிருக்கும் விவசாயியிடம், அடுத்த ஞாயிறு என்ன கொண்டுவருவார் என்று கேட்டு வைப்பர். இரண்டு வாரத்தில் கிழங்கு தோண்டுவேன் என்றோ, மழை பிந்தியதால் லீக்ஸ் பிந்தும் என்றோ அவர் சொல்லுவார். அதனைக் கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடுவர். அடுத்த வாரம் போகும் இருவருக்கு லயத்திலே அச்செய்தி முதலிலே சொல்லப்படும்.